கியாமாரித் துறையில் ‘இந்துஸ்தான்’: 1946 பிப்ரவரியில் ஒரு கப்பலின் போர்

கடற்போர் வரலாற்றில் தனிக்கப்பல் போர் என்று ஒரு வகை உண்டு. இரு கடற்படைகள் அணிவகுத்து மோதுவதைப் போலன்றி, ஒரே ஒரு கப்பல், துணைக்கு வேறு கப்பல் இல்லாமல், எதிரியின் கப்பலையோ கரைப் பீரங்கிகளையோ எதிர்த்து நிற்பதை அப்பெயர் குறிக்கும். விடுதலைப் போர்களின் வரலாற்றில் இவ்வகைப் போர்களுக்குத் தனி மதிப்பு உண்டு. ஏனெனில் புதிதாகத் தலையெடுக்கும் நாட்டிடம் பெரும் கடற்படை இருப்பதில்லை, கைக்குக் கிடைத்த ஒரு கப்பலும் அதில் ஏறத் துணிந்த சில நூறு பேருமே இருப்பர். அமெரிக்க விடுதலைப் போரில், 1779 செப்டம்பர் 23 அன்று இங்கிலாந்தின் ஃபிளாம்பரோ முனைக்கு அப்பால், ஜான் பால் ஜோன்ஸ் ‘போனோம் ரிச்சர்ட்’ என்ற பழைய வணிகக் கப்பலைப் போர்க்கப்பலாக மாற்றிக் கொண்டுபோய் ‘செராபிஸ்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பணியவைத்த நிகழ்ச்சியை அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதே போரின் இறுதிக் கடற்சண்டைகளில் ஒன்று 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு அப்பால், சுஃப்ரனின் பிரெஞ்சுக் கடற்படைக்கும் ஹியூஸின் பிரிட்டிஷ் கடற்படைக்கும் இடையே நடந்தது. ஆயினும் அது தமிழர் கரையோரம் அயலார் இருவர் தமக்குள் நடத்திய போர். இந்தியர் தம் நாட்டு விடுதலையை முன்னிறுத்தி, தாம் பணியாற்றிய போர்க்கப்பலைத் தம் வசமாக்கி, அதன் பீரங்கிகளைப் பிரிட்டிஷ் படைமீது திருப்பிய போர் 1946 பிப்ரவரி 22 அன்று கராச்சித் துறைமுகத்தில் நடந்தது. அக்கப்பலின் பெயர் ‘இந்துஸ்தான்’. அரை மணி நேரம்கூட நீடிக்காத அப்போர், அதைவிடச் சிறிய நிகழ்ச்சிகளுக்குக் கிடைத்த இடத்தைக்கூட இந்திய வரலாற்று நூல்களில் பெறவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இக்கப்பல் எந்தக் கடற்படையைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1612-இல் சூரத்தில் தன் வணிகக் கப்பல்களைக் காக்க அமைத்த சிறு படை, பின்னர் பம்பாய்க்கு இடம்பெயர்ந்து பம்பாய் மரைன் என்றும், 1830-இல் இந்தியக் கடற்படை என்றும், 1892-இல் ராயல் இந்தியன் மரைன் என்றும் பெயர் மாறி, இறுதியாக 1934-இல் ராயல் இந்தியன் நேவி ஆயிற்று. மேற்குக் கரையில் அப்படைக்கு ஈடுகொடுக்கக்கூடிய இந்தியக் கடற்படை ஒன்று ஒருகாலத்தில் இருந்தது. கான்ஹோஜி ஆங்கிரே வளர்த்த அந்த மராத்தியக் கடற்படையை, அவர் மகன் துளாஜியின்மீது கொண்ட பகையால், பேஷ்வா பாலாஜி பாஜிராவே கம்பெனியுடன் கைகோத்து 1756 பிப்ரவரியில் விஜயதுர்க்கத்தில் அழித்தார். வாட்சனும் கிளைவும் எரித்த அக்கப்பல்களுடன் கொங்கணக் கடலில் பிரிட்டிஷாரை எதிர்க்கும் ஆற்றலின் பெரும்பகுதியும் எரிந்தது. அதன்பின் கடலோடும் குடிகளின் பிள்ளைகளுக்குப் போர்க்கப்பலில் பணி என்றால் பெரும்பாலும் அது கம்பெனியின் கப்பலாகவே இருந்தது. அந்த நீண்ட வரிசையின் கடைக்கண்ணிகளில் ஒன்றே 1930-இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றுக் கப்பல்தளத்தில் நீரில் இறக்கப்பட்ட ‘இந்துஸ்தான்’. அது ஸ்லூப் வகையைச் சேர்ந்தது. அதாவது பெரும் போர்க்கப்பல்களுடன் மோதுவதற்காக அன்றி, வணிகக் கப்பல் கூட்டங்களுக்குக் காவலாகச் செல்வதற்கும் கரையோரம் ரோந்து சுற்றுவதற்கும் கட்டப்பட்ட நடுத்தரக் கப்பல். 4 அங்குலப் பீரங்கிகளும், விமானங்களை நோக்கி விரைந்து சுடும் ஓர்லிகான் என்னும் சிறு பீரங்கிகளும் அதில் இருந்தன.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது இரண்டாயிரம் பேருக்கும் குறைவாக இருந்த இக்கடற்படை, போர் முடிந்தபோது இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. சேர்க்கப்பட்டவர்களில் பலர் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்கள்; பஞ்சாபிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்தவர்கள்; கம்பியில்லாத் தந்தி, ரேடார், பீரங்கிக் கணக்கு ஆகிய நுட்பங்களைக் கற்றவர்கள். ரேட்டிங் எனப்படும் இக்கீழ்நிலை மாலுமிகளுக்கு ஆள்சேர்ப்பு விளம்பரங்கள் கூறிய வாக்குறுதிகள் ஒன்று, கிடைத்த வாழ்க்கை வேறொன்று. அதே வேலை செய்த பிரிட்டிஷ் மாலுமியைவிட ஊதியம் மிகக் குறைவு, உணவு மோசம், போர் முடிந்ததும் வேலையிழப்பு உறுதி, இவற்றுக்கும் மேலாகப் பிறப்பையும் இனத்தையும் இழித்துப் பேசும் அதிகாரிகளின் வாய்ச்சொல். செங்கோட்டையில் நடந்த இந்திய தேசிய ராணுவ வழக்குகள் நாடெங்கும் எழுப்பிய உணர்ச்சி இவர்களையும் தொட்டது. மலாயாவிலும் பர்மாவிலும் நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களுள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த தமிழர் ஏராளமானோர் இருந்தமையால், அவ்வழக்குகள் சென்னை மாகாணத்து மாலுமிகளுக்குத் தொலைவில் நடந்த செய்தியாக இருந்திருக்க முடியாது.

பம்பாய்க் கொலாபாவில் இருந்த ‘தல்வார்’ என்ற கரைத்தளம் செய்தித்தொடர்புப் பயிற்சிப் பள்ளியாகும். கரையில் உள்ள கட்டடத்துக்கும் கப்பலுக்குரிய பெயரை வைப்பது அக்கடற்படையின் வழக்கம். அங்கு 1945 டிசம்பரிலேயே சுவர்களில் விடுதலை முழக்கங்கள் எழுதப்பட்டன. 1946 பிப்ரவரித் தொடக்கத்தில் பி. சி. தத் என்ற தந்தி மாலுமி அதற்காகக் கைதானார். அத்தளத்தின் தளபதி கிங் பேசிய வசவுகள் பற்றிய புகாருக்கு மறுமொழி கிடைக்காத நிலையில், பிப்ரவரி 18 காலை மாலுமிகள் உணவை மறுத்து வேலைநிறுத்தம் தொடங்கினர். வேறு எந்தத் தளத்தில் இது தொடங்கியிருந்தாலும் அந்தத் தளத்துடன் முடிந்திருக்கலாம். கம்பியில்லாத் தந்திக் கருவிகளைக் கையாளக் கற்றவர்களின் பள்ளியில் தொடங்கியதால் செய்தி அன்றும் மறுநாளும் கப்பலுக்குக் கப்பல் தாவியது. ஓரிரு நாள்களில் எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களும் இருபது கரைத்தளங்களும் அதில் சேர்ந்தன. எம். எஸ். கான் தலைவராகவும் மதன்சிங் துணைத்தலைவராகவும் அமைந்த மத்திய வேலைநிறுத்தக் குழு, உணவு, ஊதியம் பற்றிய கோரிக்கைகளுடன் அரசியல் கைதிகள் விடுதலையையும் இந்தோனேசியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திரும்பப் பெறுவதையும் சேர்த்தது. பிரிட்டிஷ் கொடி இறங்கிய கொடிமரங்களில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்டு ஆகிய மூவர் கொடிகளும் ஒன்றாக ஏறின. அவ்வாண்டின் பிற்பகுதியில் நாடு கண்ட குருதியை அறிந்தவர்களுக்கு, அக்கொடிகள் ஒரே கயிற்றில் பறந்த அந்த நான்கைந்து நாள்கள் எவ்வளவு அரியவை என்பதை விளக்கத் தேவையில்லை.

கராச்சித் துறைமுகத்தின் அமைப்பை மனத்தில் கொண்டால்தான் அங்கு நடந்த போர் விளங்கும். துறைமுக வாயிலின் மேற்கே மனோரா என்ற நிலத்துண்டு உண்டு. பீரங்கிப் பயிற்சிப் பள்ளியான ‘ஹிமாலயா’, சிறுவர் பயிற்சித் தளமான ‘பகதூர்’, ரேடார் பள்ளியான ‘சமக்’ ஆகியவை அங்கு இருந்தன. அதற்கு எதிரே, நீரைக் கடந்தால், நகரத்துடன் தரைவழியாக இணைந்த கியாமாரி. கப்பல்களைக் கட்டி நிறுத்தும் துறைமேடைகள் அங்குதான் உள்ளன. ‘இந்துஸ்தான்’ நின்றது கியாமாரியில். ஆகவே மனோராவில் உள்ள மாலுமிகள் நகரத்துக்கு ஊர்வலம் செல்ல வேண்டுமானாலும் கப்பலில் உள்ளவர்களுடன் சேர வேண்டுமானாலும் படகில்தான் வர வேண்டும்; அப்படகுத்துறையைக் காவல் செய்தால் இரு கூட்டத்தையும் பிரித்துவிடலாம். பம்பாய்ச் செய்தி பிப்ரவரி 19 அன்று எட்டியதும் மனோராவில் கூட்டங்கள் நடந்தன. ‘இந்துஸ்தான்’ மாலுமிகள் சில அதிகாரிகளை மாற்றக் கோரிப் பணியை மறுத்தனர். பிப்ரவரி 21 அன்று மனோரா மாலுமிகள் படகுகளில் கியாமாரி நோக்கி வந்தபோது பிரிட்டிஷ் துருப்புகள் அவர்களைத் தடுத்துச் சுட்டன. தம் தோழர்கள் சுடப்படுவதைக் கண்ட ‘இந்துஸ்தான்’ மாலுமிகள் கரையை நோக்கிச் சுட்டனர். அந்த நொடியில் வேலைநிறுத்தம் போராக மாறியது. அம்மாற்றத்தை முன்கூட்டித் திட்டமிட்டவர் எவரும் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அன்றிரவு பிரிட்டிஷ் தரப்பு ஆயத்தமானது. பிளாக் வாட்ச் என்னும் ஸ்காட்லாந்துக் காலாட்படைப் பிரிவும் ராயல் ஆர்ட்டிலரி பீரங்கிகளும் கொண்டுவரப்பட்டன. பிப்ரவரி 22 காலை கப்பலுக்குக் கெடு விதிக்கப்பட்டது: கப்பலை விட்டு இறங்கிச் சரணடைய வேண்டும், இல்லையேல் தாக்குதல். மாலுமிகள் இறங்கவில்லை. இங்கே கடலின் இயல்பு பிரிட்டிஷாருக்குத் துணைபோயிற்று. அரபிக்கடலின் ஏற்றவற்றம், அதாவது நாளுக்கு இருமுறை நீர் உயர்ந்தும் தாழ்ந்தும் வரும் இயக்கம், கராச்சியில் ஆள் உயரத்துக்கும் மேலான வேறுபாட்டைக் காட்டும். தாக்குதல் வற்ற நேரத்தில் தொடங்கியது. நீர் வற்றியபோது, துறைமேடையுடன் கட்டப்பட்டிருந்த கப்பலும் தாழ்ந்தது. மேடையின் கல்விளிம்பு கப்பலின் தளத்துக்கு மேலே எழுந்து, 4 அங்குலப் பீரங்கிகளால் அருகிலிருந்த எதிரியைக் குறிவைக்க இயலாதபடி மறைத்தது. கரையில் கட்டடங்களிலும் மதில்களிலும் நின்ற துப்பாக்கி வீரர்களுக்கோ, கப்பலின் தளம் கீழே திறந்து கிடந்தது. நடுக்கடலில் ஒரு ஸ்லூப்புக்கு இயக்கமே கவசம்; விலகிச் சென்று சுட முடியும், திரும்பி நின்று சுட முடியும். துறையில் கட்டுண்ட கப்பலுக்கு அந்த வலிமை எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவர்கூட மாலுமிகளுடன் இல்லாத நிலையில், பீரங்கியைக் குறிவைப்பதும் குண்டு எடுத்துத் தருவதும் காயம்பட்டவரைக் கீழே இறக்குவதும் அவர்களே செய்து கொண்டவை.

காலை பத்தரை மணியளவில் சண்டை தொடங்கியது. கப்பலின் பீரங்கிகளும் ஓர்லிகான்களும் முழங்கின. கரையிலிருந்து பீரங்கிக் குண்டுகள் கப்பலின் மேற்கட்டுகளில் விழுந்தன. சுமார் இருபத்தைந்து நிமிடத்தில் கப்பல் தீப்பற்றிப் பழுதுற்று, வெள்ளைக்கொடி ஏறியது. மாலுமிகள் சிலர் உயிரிழந்தனர்; பலர் காயமடைந்தனர். உயிருடன் இருந்தவர்கள் வரிசையாக இறக்கப்பட்டுக் காவலில் கொண்டுசெல்லப்பட்டனர். மனோராத் தளங்களும் படையின் பிடியில் வந்தன. மறுநாள் கராச்சி நகரம் கடையடைத்தது. இந்து, முஸ்லிம், சீக்கியர் என்ற வேறுபாடின்றி மக்கள் தெருவுக்கு வந்தனர். இப்போரைப் படைத்துறை நோக்கில் மட்டும் எடைபோடுவோர் அதைத் தோல்வி என்று எழுதிக் கடந்துவிடுவர். கரையிலிருந்து எந்த உதவியும் வராது என்பதும், பீரங்கி எதிரிக்கு எட்டாது என்பதும் அன்று காலை அந்த மாலுமிகளுக்குத் தெரியாதவை அல்ல. பீரங்கி வேலையே அவர்களது தொழில். தெரிந்தே நின்றார்கள் என்பதுதான் இப்போரின் பொருள்.

இதே நாள்களில் நிகழ்ச்சிகளின் மற்றொரு முனை புணேயில் இருந்தது. தெற்குக் கட்டளையகம், அதாவது தென்னிந்தியாவும் மேற்கிந்தியாவும் அடங்கிய பெரும் நிலப்பரப்பின் தரைப்படைத் தலைமையகம், புணேயில் இயங்கியது. அதன் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் லாக்ஹார்ட்டிடமே பம்பாய்க் கலகத்தை அடக்கும் முழுப் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. பம்பாய்க் காசில் பாரக்ஸில் மாலுமிகளைச் சூழ முதலில் நிறுத்தப்பட்டவர்கள் மராத்தா லைட் இன்ஃபன்ட்ரியினர். இந்தியச் சிப்பாய் இந்திய மாலுமியைச் சுடுவானா என்ற ஐயம் எழுந்ததும் பிரிட்டிஷ் துருப்புகள் முன்னுக்குக் கொண்டுவரப்பட்டன. கராச்சியிலும் அதுவே நடந்தது. ஒரு பேரரசு தன் ஊதியத்தில் வாழும் ஆயுதம் தாங்கியவர்களை நம்ப முடியாத நாள் வந்துவிட்டதென்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி இல்லை.

இந்தியச் சிப்பாய் ஆணைக்குப் பணிவான் என்ற நம்பிக்கை முன்னர் எப்படி உருவாயிற்று என்பதற்கும் புணேயின் எல்லையிலேயே ஒரு சான்று உண்டு. முளா ஆற்றின் வடகரையில், கட்கிப் பாசறைக்கு எதிரே உள்ள தாபோடியில், இன்று ராணுவப் பொறியியல் கல்லூரி இருக்கும் அப்பகுதியில், இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் செலவில் பிரிட்டிஷ் அதிகாரிகள் பயிற்றுவித்த ஒரு படைப்பிரிவு 1817-இல் பாளையமிட்டிருந்தது. அதன் தலைவர் கேப்டன் ஃபோர்டு; சிப்பாய்கள் இந்தியர்; ஊதியம் பேஷ்வாவின் கருவூலத்திலிருந்து. நவம்பர் 5 அன்று பேஷ்வா தன் இறுதி விடுதலை முயற்சியாகக் கட்கியில் கம்பெனிப் படையைத் தாக்கியபோது, தாபோடிப் படை ஆற்றைக் கடந்து கர்னல் பர்ரின் கம்பெனிப் படையுடன் சேர்ந்தது. ஃபோர்டின் நெருங்கிய நண்பரான மோர் தீட்சிதர் பேஷ்வாவின் கொடியைத் தாங்கி அப்படையின்மீதே குதிரைப்படையைச் செலுத்தி உயிர் இழந்தார். கம்பெனித் தரப்பில் போரிட்டவர்கள் மொத்தம் மூவாயிரத்துக்கும் குறைவே. பேஷ்வாவின் படை அதைப்போல் பல மடங்கு. ஊதியம் கொடுத்தவர் பேஷ்வா, ஆணை கொடுத்தவர் பிரிட்டிஷார் என்ற அந்த ஏற்பாட்டில் சிப்பாய் ஆணையின் பக்கம் நின்றான். மராத்தியத் தலைநகரம் சில நாள்களில் வீழ்ந்தது. அவனைப் பழிப்பது எளிது, ஆனால் நேர்மையன்று. நாடு என்ற ஒன்று அவன் முன் அப்போது உருவம் பெற்றிருக்கவில்லை. 129 ஆண்டுகளுக்குப் பின் கியாமாரியில் அதே ஊதியமும் அதே ஆணையும் பிரிட்டிஷாரிடமிருந்தே வந்தன. மாலுமிகள் இரண்டையும் மறுத்தார்கள். இவ்விரு நாள்களுக்கும் இடையே 1857-உம், தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும், காந்தியின் இயக்கங்களும், நேதாஜியின் படையும் உள்ளன. தாபோடிச் சிப்பாய்க்குக் கிடைக்காத நாட்டை ‘இந்துஸ்தான்’ மாலுமிக்குத் தந்தவை அவை.

இவ்வளவு வளர்ந்த உணர்வை ஏற்று வழிநடத்தத் தேசியத் தலைமை முன்வரவில்லை என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. காந்தியடிகள் அந்நாள்களில் புணேயில் இயற்கை மருத்துவ நிலையத்தில் தங்கியிருந்தார்; அங்கிருந்து பிப்ரவரி 23 அன்று வெளியிட்ட அறிக்கையில் மாலுமிகளின் செயலைக் கண்டித்தார், வன்முறைக்காக இந்துக்களும் முஸ்லிம்களும் இணைவது புனிதமற்றது என்றார். அருணா ஆசஃப் அலி அதை வெளிப்படையாக மறுத்தார். அரசியலமைப்பு மேசையில் ஒன்றுசேராத இரு சமூகத்தாரும் தெருத் தடுப்பரண்களில் ஒன்றுசேர்வதே மேல் என்பது அவர் கருத்து. சர்தார் படேல் பம்பாயில் மாலுமிகளிடம் சரணடையுமாறு அறிவுறுத்தினார். ஜின்னாவும் அவ்வாறே கூறினார். விடுதலை பெற்ற இந்தியாவுக்கும் ஒழுங்குள்ள படை வேண்டும் என்ற படேலின் கவலை பொருளற்றதன்று. அரசு மாறப்போகும் தறுவாயில் படை உடைந்தால் அதன் விலையை மக்களே கொடுக்க நேரும். ஆயினும் அறிவுரை கூறியவர்கள் மாலுமிகளுக்குத் தண்டனை வராது பார்த்துக்கொள்வதாக அளித்த உறுதி நிறைவேறவில்லை. அதற்கு விளக்கம் இல்லை. ராயல் இந்தியன் நேவியின் தலைவர் அட்மிரல் காட்ஃபிரே கடற்படையே அழிந்தாலும் கலகத்தை அடக்குவதாக வானொலியில் எச்சரித்திருந்தார்; பம்பாய்த் துறைமுகத்தின் மேல் போர் விமானங்கள் பறந்தன; பிப்ரவரி 23 அன்று வேலைநிறுத்தக் குழு பணிந்தது. தெருவில் இறங்கிய பம்பாய் மக்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் அந்தச் சில நாள்களில் சுட்டுக் கொல்லப்பட்டனர். சென்னையில் ‘அடையாறு’ என்ற கரைத்தளத்து மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் சேர்ந்திருந்தனர்; பிப்ரவரி 25 அன்று நகரத்தில் கடையடைப்பும் நடந்தது.

பிரிட்டிஷ் அரசு அமைச்சரவைத் தூதுக்குழுவை இந்தியாவுக்கு அனுப்பும் முடிவை பிப்ரவரி 19 அன்று, கலகம் தொடங்கிய மறுநாள், நாடாளுமன்றத்தில் அறிவித்தது. அம்முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டது. ஆகவே கடற்படை எழுச்சியே அத்தூதுக்குழுவை வரவழைத்தது என்று சிலர் எழுதுவது பொருந்தாது. ஆனால் வந்த தூதுக்குழு நாளைக் கடத்த இயலாமல் போனதில் இவ்வெழுச்சிக்குப் பங்கு உண்டு. பின்னர் பட்னா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி ஃபசல் அலி தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது; அதில் கொச்சித் தலைமை நீதிபதி கிருஷ்ணசாமி ஐயங்காரும் மெஹர்சந்த் மகாஜனும் உறுப்பினர். மாலுமிகளின் குறைகளில் பெரும்பகுதி உண்மையானவை என்றே அக்குழு கண்டது.

அவ்வெழுச்சியில் கராச்சிக்கு உரிய இடம் குறைந்ததற்குக் காரணம் நாட்டுப் பிரிவினையே. ஒன்றரை ஆண்டுக்குள் கராச்சி வேறு நாட்டின் தலைநகராயிற்று. இந்திய நூல்கள் பம்பாயை எழுதின. உத்பல் தத் 1965-இல் கல்கத்தாவில் அரங்கேற்றிய ‘கல்லோல்’ நாடகம்கூடப் பம்பாய்த் துறைமுகத்துக் ‘கைபர்’ கப்பலையே மேடையேற்றியது. மும்பையின் கொலாபாவில் இவ்வெழுச்சிக்கு நினைவுச்சின்னம் உள்ளது, மதன்சிங், பி. சி. தத் ஆகியோரின் பெயர்களை இந்தியக் கடற்படை தன் சிறு கப்பல்கள் இரண்டுக்குச் சூட்டியது. இந்தியாவின் பெயரையே தாங்கி நின்ற கப்பலோ 1948-இல் பாகிஸ்தான் கடற்படைக்குச் சென்று ‘கர்சாஸ்’ என்று பெயர் மாறி, 1951-இல் உடைக்கப்பட்டது. எழுச்சியில் ஈடுபட்டமைக்காக நானூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் ஊதிய நிலுவையும் ஓய்வூதியமும் இன்றி வேலைநீக்கம் பெற்றனர். விடுதலைக்குப் பின் இந்தியாவும் பாகிஸ்தானும் தத்தம் கடற்படைகளை அமைத்துக்கொண்டபோது அவர்களைத் திரும்பச் சேர்க்கவில்லை. அவர்களில் சிலருக்கு விடுதலைப் போராட்ட வீரர் என்ற ஏற்பும் அதற்குரிய ஓய்வூதியமும் இந்திய அரசிடமிருந்து கிடைப்பதற்குள் பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன.